அறக்கொடை எண் இல்லாத சிறு குழு சமூக நிதியத்திடம் மானியம் கேட்கலாமா?

கேள்வி: கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் செவ்வாய்க்கிழமை தோறும் முப்பது முதியவர்கள் கூடும் குழு எங்களுடையது. 2019இல் ஒன்ராறியோவில் இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிந்தோம். அறக்கொடை எண் இல்லை. சமூக நிதியங்களுக்கு இரண்டு தடவை விண்ணப்பித்தோம், இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு அங்கே இடம் உண்டா? எங்கே பிழை விடுகிறோம்?

பதில்: இடம் உண்டு. 2022க்கு முன்பு இருந்ததைவிட இப்போது கூடுதலாகவே உண்டு. நான் ஏழு வருடம் ஒரு சமூக நிதியத்தின் தெரிவுக் குழுவில் தொண்டராக இருந்தேன். அதற்கு முன்பு நம்மவர் அமைப்பு ஒன்றில் பொருளாளராக இருந்தேன். காசு கேட்டும் இருக்கிறேன், யாருக்குக் கொடுப்பது என்று மற்றவர்களோடு சேர்ந்து தீர்மானித்தும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால், அவர்கள் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும், கோவிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கான தானம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் கோவிலுக்கு 96 ஆடுகள் கொடுப்பார். ஆட்டைப் பொறுப்பேற்கும் இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகள் அந்த இடத்துக்கு வந்துவிடும், கணக்கில் 96 குறையாது. அதனால்தான் அதற்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சமூக நிதியமும் இதே முறையில்தான் நடக்கிறது. ஊரவர்கள் கொடுத்த முதலைத் தொடுவதில்லை. அதை முதலீடு செய்து, வருகிற வருமானத்தில் மானியம் கொடுக்கிறார்கள். 100,000 டொலர் உள்ள ஒரு நிதியில் வருடத்துக்கு 4 வீதம் எடுத்தால் 4,000 டொலர்தான் கைக்கு வரும். ஆனால் அது அடுத்த வருடமும் வரும், உங்கள் பேரப்பிள்ளைகள் கிழவர்களான பிறகும் வரும்.

வட அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர் கிளீவ்லாந்து நகர வங்கியாளர் பிரெடரிக் கோஃப், 1914இல். அதுவரை ஒருவர் எதற்கென்று உயில் எழுதி வைத்தாரோ, அந்தத் தேவை ஊரில் இல்லாமல் போன பிறகும் காசு அதற்கே கட்டுப்பட்டுக் கிடந்தது. பலருடைய கொடையை ஒரே இடத்தில் வைத்து, அந்தந்தக் காலத்துத் தேவையை ஊரவர் குழு ஒன்று பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்பது அவருடைய யோசனை. ஏழு வருடம் கழித்து, 1921இல், வினிபெக்கில் வில்லியம் அலோவே என்ற வங்கியாளர் 100,000 டொலர் கொடுத்துக் கனடாவின் முதல் சமூக நிதியத்தைத் தொடங்கினார். அதற்கு 1924இல் வந்த அடுத்த கொடை ஒரு கடித உறை. உள்ளே 5 டொலர் தங்க நாணயங்கள் மூன்று. கொடுத்தவர் பெயர் இல்லை, ‘விதவையின் காணிக்கை’ என்று மட்டும் எழுதியிருந்தது. வன்கூவர் நிதியத்தின் தொடக்கம், செயலாளராக வேலை பார்த்த அலிஸ் மக்கே என்ற பெண் சேமித்து வைத்த 1,000 டொலர். இன்று நாடு முழுவதும் 200க்கு மேற்பட்ட சமூக நிதியங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவுடையது 1981இல் தொடங்கியது.

அந்த மூன்று நாணயங்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தெரிவுக் குழுவில் உட்காருகிறவர்கள் அப்படிப்பட்ட ஆட்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். நீங்களும் அதே ஊரவர்கள் என்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கணக்குச் சொல்லத் தயாராக வந்தால் போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் விண்ணப்பம் அறக்கொடை எண்ணிலேயே விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். கனடா வருமான வரிச் சட்டப்படி சமூக நிதியமே ஓர் அறக்கொடை நிறுவனம். அப்படிப்பட்ட நிறுவனம் தன் காசை நன்கொடையாகக் கொடுப்பதென்றால், சட்டம் தகுதி வழங்கியிருக்கிற பெறுநர்களுக்கு மட்டுமே கொடுக்கலாம் என்பது நெடுங்காலமாக இருந்த விதி. பதிவு பெற்ற அறக்கொடை நிறுவனங்கள், மாநகரசபைகள் போன்றவை அந்தப் பட்டியலில் வரும். வெறும் இலாபநோக்கற்ற அமைப்பு வராது. நம்மவர்களில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்ராறியோ அரசு உங்களுக்குத் தந்தது கூட்டுத்தாபன எண். அறக்கொடை எண்ணை மத்திய அரசின் வரித் துறையான வருமான முகவரகம்தான் தரும். அதில் ஒன்பது இலக்கங்களுக்குப் பிறகு ‘ஆர்ஆர்’ என்ற இரண்டு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் வரும். விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கேட்கும் இடத்தில் கூட்டுத்தாபன எண்ணை எழுதி அனுப்பிய குழுக்களை நான் பலதடவை கண்டிருக்கிறேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கும் முன்பே அது ஒதுக்கப்பட்டுவிடும். மனது கஷ்டப்படும், ஆனால் சட்டம் அப்படி.

2022 ஜூனில் இந்தச் சட்டம் மாறியது. அறக்கொடை எண் இல்லாத அமைப்புகளுக்கும் மானியம் கொடுக்கலாம், ஆனால் அந்தக் காசு அறக்கொடை நோக்கத்துக்கு மட்டுமே செலவானது என்பதைக் கொடுத்த நிறுவனம் ஆவணத்தோடு காட்ட வேண்டும். ஒரு வருடத்தில் உங்களுக்கு 5,000 டொலருக்கு மேல் கொடுத்தால் அந்த விபரத்தைத் தன் வருடாந்த அறிக்கையோடு தனியாகவும் எழுத வேண்டும். அதனால் எழுத்தில் ஒப்பந்தம் கேட்பார்கள், இடையில் அறிக்கை கேட்பார்கள், பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்வார்கள். உங்களை நம்பாமல் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இது சட்டம் அவர்கள்மேல் வைத்த சுமை. இன்னொன்று, கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னதால் எல்லா நிதியங்களும் கொடுக்கத் தொடங்கிவிட்டன என்று இல்லை. இன்னும் அறக்கொடை எண் உள்ளவர்களிடம் மட்டுமே விண்ணப்பம் வாங்குகிற நிதியங்கள் நிறைய. தகுதி விதிகளை வாசிக்காமல் ஒரு வரிகூட எழுதத் தொடங்காதீர்கள்.

எண் கேட்கிற நிதியத்திடம் போவதென்றால், எண் உள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து போகலாம். உங்கள் பகுதிச் சமூக நிலையம், சமூக சுகாதார நிலையம், முதியோர் சேவை நிறுவனம் போன்றவை சில நேரம் சம்மதிப்பார்கள். மானியம் அவர்கள் பெயரில் வரும், வேலையை நீங்கள் செய்வீர்கள், பொறுப்பு அவர்களுடையது. நிர்வாகச் செலவுக்கென்று ஒரு சிறு வீதத்தை எடுத்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் எழுத்தில் செய்யுங்கள். நான் பொருளாளராக இருந்த காலத்தில் ஒரு பெரிய அமைப்போடு வாய்ப்பேச்சில் சேர்ந்து ஒரு மானியம் வாங்கினோம். காசு அவர்கள் கணக்குக்கு செப்டம்பரில் வந்துவிட்டது. எங்களுக்கு முதல் காசோலை வந்தது பெப்ரவரி கடைசியில். அந்த ஐந்து மாதமும் மண்டப வாடகையை எங்கள் நிர்வாக சபையில் நாலு பேர் தங்கள் கைக்காசில் கட்டினோம். யாரும் களவெடுக்கவில்லை. எந்தத் திகதிக்கு எவ்வளவு என்று எந்தத் தாளிலும் இருக்கவில்லை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் அந்தத் திகதிகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

நீங்களே அறக்கொடை எண்ணுக்கு விண்ணப்பிக்கலாமே என்று உங்கள் நிர்வாக சபையில் யாராவது சொல்வார்கள். முப்பது பேர் குழுவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எண் கிடைத்தால் நன்கொடைக்கு வரிப் பற்றுச்சீட்டு கொடுக்கலாம், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் கணக்கு வருடம் முடிந்து ஆறு மாதத்துக்குள் வருமான முகவரகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் பதிவு போய்விடும். இயக்குநர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்களாக இருக்க வேண்டும். கணக்கு எழுத நம்பிக்கையான ஒருவர் நிரந்தரமாகக் கிடைத்த பிறகு அதை யோசியுங்கள்.

இயக்குநர்கள் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 2019இல் பதிந்தவர்கள், பழைய சட்டத்தின் கீழ். ஒன்ராறியோவின் புதிய இலாபநோக்கற்ற கூட்டுத்தாபனச் சட்டம் 2021 ஒக்டோபர் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. யாப்பைத் திருத்திக்கொள்ளக் கொடுத்த மூன்று வருட அவகாசமும் 2024 ஒக்டோபரில் முடிந்துவிட்டது. உங்கள் யாப்பு புதிய சட்டத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டதா என்று பாருங்கள். விண்ணப்பத்தோடு யாப்பு கேட்கிற இடங்களில் பழையதை அனுப்பினால், இவர்கள் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளவில்லையே என்ற எண்ணம் வந்துவிடும். காசோலையில் கையெழுத்து வைக்கும் இருவரும் கணவன் மனைவியாக இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். நம்மவர் குழுக்களில் இது சர்வசாதாரணம். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

இனி உங்கள் இரண்டாவது விண்ணப்பம். அதில் என்ன எழுதினீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் நான் கண்ட அனுபவத்தில் ஊகிக்கிறேன். ‘எமது முதியோரின் உடல், உள, கலாசார நலனை மேம்படுத்துவதே எமது இலக்கு’ என்று தொடங்கியிருப்பீர்கள். ஒரு சுற்றில் எங்களுக்கு ஐம்பது, அறுபது விண்ணப்பங்கள் வரும். பாதிக்கு மேல் இதே வரியில்தான் தொடங்கும். அதை வாசித்து யாருக்கும் எந்தப் படமும் மனதில் வராது. ஒரு குழு எழுதியது மட்டும் இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தங்கள் அங்கத்தவர்களில் 11 பேர் கணவனையோ மனைவியையோ இழந்து மகன் மகள் வீட்டு நிலவறையில் இருக்கிறார்கள் என்றும், அவர்களில் ஏழு பேர் இதுவரை தனியாக பஸ்ஸில் ஏறியதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். பத்துக் கிழமைக்குள் அந்த ஏழு பேரும் தாமாகவே பஸ் பிடித்து மண்டபத்துக்கு வர வேண்டும், அதற்கு முதல் நாலு கிழமை ஒரு தொண்டர் கூடவே வருவார், பிறகு பஸ் தரிப்பிடம் வரை மட்டும் வருவார். இவ்வளவுதான் அவர்களுடைய திட்டம். ஆங்கிலத்தில் ஒரு பந்திக்கு மூன்று எழுத்துப் பிழை இருந்தது. அன்று மேசையில் இருந்த ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. காசு கொடுத்தோம். முடிவு அறிக்கையில் ஐந்து பேர் தனியாக வருகிறார்கள், இரண்டு பேருக்கு முழங்கால் விடவில்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் கேட்டதைவிடக் கொஞ்சம் கூட்டியே கொடுத்தோம்.

உங்கள் குழுவில் அப்படி என்ன இருக்கிறது என்று அடுத்த செவ்வாய் உட்கார்ந்து எண்ணுங்கள். எத்தனை பேர் தனியாக இருக்கிறார்கள், எத்தனை பேர் வைத்தியரிடம் போக மொழிபெயர்ப்புக்குப் பேரப்பிள்ளையை நம்பியிருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கிழமையில் வேறெங்கும் போக இடமில்லை. பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பிறகு உங்கள் நகரத்தைப் பற்றி நிதியமே வெளியிட்ட அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். ரொறன்ரோ நிதியம் 2001இல் தொடங்கிய ‘வைட்டல் சைன்ஸ்’ அறிக்கையைப் பின்னர் வேறு பல நகர நிதியங்களும் வெளியிடத் தொடங்கின. வீடு, வேலை, தனிமை என்று நகரத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற அறிக்கை அது. அவர்களே எழுதியதில் உங்கள் முதியவர்களைத் தொடுகிற ஒரு வரி இருந்தால் அதை எடுத்துக் காட்டுங்கள்.

வரவுசெலவுத் தாள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நான் விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். எழுத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு குழு தன் வேலையை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது என்பதைக் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ‘நிகழ்ச்சிச் செலவு 5,000’ என்ற ஒற்றை வரியோடு வந்த விண்ணப்பங்கள் ஏராளம். உங்கள் குழுவையே எடுத்துப் பார்ப்போம். வருடத்தில் 40 செவ்வாய் கூடுகிறீர்கள் என்று வையுங்கள். மண்டபம் ஒரு தடவைக்கு 60 டொலர் என்றால் 2,400. யோகா சொல்லித்தருபவருக்கு ஒரு தடவைக்கு 50 டொலர் வீதம் 2,000. தேநீரும் வடையும் 40 டொலர் வீதம் 1,600. மண்டபக்காரர் கேட்கும் பொறுப்புக் காப்புறுதிக்கு 900 என்று வையுங்கள். தொலைபேசி, அச்சு, தொண்டர்களின் பொலிஸ் சான்று எல்லாம் சேர்த்து 300. மொத்தம் 7,200. இனி வரவு. அங்கத்தவர் முப்பது பேரும் வரும்போது ஆளுக்கு 2 டொலர் போட்டால் 40 கிழமையில் 2,400 சேரும். ஆக நீங்கள் கேட்க வேண்டியது 4,800.

இந்தக் கணக்கில் நான் விரும்புவது அந்த 2 டொலர். மூன்றில் ஒரு பங்கை முதியவர்களே போடுகிறார்கள் என்று அது சொல்கிறது. அதோடு மூன்று தொண்டர்கள் மூன்று மணித்தியாலம் வீதம் வருடத்தில் 360 மணித்தியாலம் உழைக்கிறார்கள். அதைக் காசாக மாற்றி மொத்தத்தில் கலக்காமல், பொருளாகவும் உழைப்பாகவும் வரும் பங்களிப்பு என்று தனி வரியில் காட்டுங்கள். காப்புறுதி, பொலிஸ் சான்று போன்றவற்றை மறைத்துச் செலவைக் குறைத்துக் காட்டாதீர்கள். குறைத்துக் கேட்டால் கிடைக்கும் என்பது நம்மவரிடம் உள்ள பிழையான நம்பிக்கை. முதியோரோடு வேலை செய்கிற குழு ஒன்றின் கணக்கில் காப்புறுதி இல்லை என்றால், இவர்கள் யோசிக்கவில்லை என்றுதான் பார்ப்பவர் நினைப்பார்.

எவ்வளவு கேட்பது என்று நிதியத்தின் பழைய பட்டியலைப் பார்த்து முடிவெடுங்கள். அவர்களும் அறக்கொடை நிறுவனம் என்பதால் அவர்களுடைய வருடாந்த அறிக்கை வருமான முகவரகத்தின் தளத்தில் பகிரங்கமாக இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். உங்களைப் போன்ற குழுக்களுக்கு 3,000, 5,000 என்று கொடுக்கிற இடத்தில் 25,000 கேட்டால் பதில் முன்கூட்டியே தெரிந்ததுதான். சில இடங்களில் இன்னும் சிறிய மானியங்களும் உண்டு. வன்கூவர் நிதியம் தொடங்கிய அயலவர் சிறுமானியத்தில் ஒரு தெருவில் உள்ள இரண்டு மூன்று பேர்கூட 500 டொலர் வரை கேட்கலாம், அமைப்பாகப் பதிந்திருக்கவே தேவையில்லை.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் விண்ணப்பங்கள் பல இதில் விழுந்ததை நேரில் பார்த்தேன். தாயகத்தில் நம் ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துக்கோ வைத்தியசாலைக்கோ அனுப்புவதற்குக் கேட்காதீர்கள், சமூக நிதியத்தின் காசு அந்த நகரத்துக்கு உரியது. கோவில் திருவிழா, தேவாலய ஆராதனை போன்ற சமயக் காரியங்களுக்குப் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அதே கோவில் மண்டபத்தில் யார் வந்தாலும் சாப்பாடு போடுகிற திட்டம் என்றால் கதை வேறு. இரவு விருந்து வைத்து நிதி சேர்க்கும் செலவு, ஏற்கெனவே செலவழித்த காசு, போன வருடத்துப் பற்றாக்குறை, இவையும் வேண்டாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ‘எமது ஊரவருக்கு மட்டும்’ என்று யாப்பில் இருந்தால் பொது நன்மை என்று அதைக் காட்டுவது கஷ்டம். உங்கள் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற சீன மூதாட்டி வரலாமா? வரலாம் என்றால் அதை எழுதுங்கள்.

எழுதுவதற்கு முன்பு நிதியத்தின் திட்ட அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள், அல்லது மின்னஞ்சல் அனுப்பிப் பத்து நிமிடம் கேளுங்கள். நம்மவர்கள் இதைச் செய்வதேயில்லை, தொந்தரவு கொடுக்கிறோமோ என்று தயங்குகிறார்கள். அதற்குத்தான் அவர்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள். வேறொரு பலனும் உண்டு. சமூக நிதியத்தில் உள்ள காசில் பெரும்பங்கு, இன்ன குடும்பத்தின் நிதி என்று தனித்தனிப் பெயரில் இருக்கும். அந்தக் குடும்பம் எந்த அமைப்புக்குக் கொடுக்கலாம் என்று யோசனை சொல்லும். நல்ல திட்டம் தேடுகிற குடும்பத்திடம் உங்கள் குழுவைப் பற்றிச் சொல்லக்கூடியவர் அந்த அலுவலர்தான். உங்களை அவருக்குத் தெரியாவிட்டால் எப்படிச் சொல்வார்?

சமூக நிதியத்தை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். மத்திய அரசின் ‘நியூ ஹொரைசன்ஸ்’ முதியோர் திட்டத்தில் சமூகக் குழுக்களுக்கு 25,000 டொலர் வரை கேட்கலாம், அங்கே அறக்கொடை எண் கட்டாயமில்லை. ஒன்ராறியோ அரசும் முதியோர் சமூக மானியம் கொடுக்கிறது. டிரில்லியம் பவுண்டேசன் என்ற பெயரைப் பார்த்து அதையும் சமூக நிதியம் என்று நினைத்துவிடாதீர்கள். அது மாகாண அரசின் நிறுவனம், விதிகள் வேறு.

இரண்டு தடவை கிடைக்கவில்லை என்கிறீர்கள். ஏன் என்று கேட்டீர்களா? நிராகரிப்புக் கடிதம் பொதுவான வார்த்தைகளில்தான் இருக்கும், ஆனால் கேட்டால் பல நிதியங்கள் உண்மையான காரணத்தைச் சொல்வார்கள். சில நேரம் திட்டத்தில் ஒரு குறையும் இருக்காது, காசு பத்துப் பேருக்குத்தான் போதுமாக இருந்திருக்கும், நீங்கள் பதினோராவதாக இருந்திருப்பீர்கள். அப்படியென்றால் அதே திட்டத்தை அடுத்த சுற்றிலும் போடலாம். விண்ணப்ப முடிவு திகதியிலிருந்து பதில் வர மூன்று நாலு மாதம் ஆகும் என்று கணக்கு வையுங்கள், பதில் வரும் முன்பு செலவழிக்கத் தொடங்காதீர்கள்.

கிடைத்த பிறகு யோகா சொல்லித்தருபவர் நின்றுவிட்டார், அந்தக் காசில் வேறு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தால், செய்வதற்கு முன்பு அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் மாற்றிவிட்டுக் கடைசி அறிக்கையில் சொல்வதுதான் பிரச்சினை. முதல் செவ்வாயிலிருந்தே ஒரு கொப்பியில் வந்தவர்களின் வரவைப் பதியுங்கள், ஒரு கடித உறையில் பற்றுச்சீட்டுகளைப் போடுங்கள். வடை வாங்கிய சீட்டும் அதில் இருக்கட்டும்.